மஞ்சள் சட்டைக்காரியின் மெட்டு

பஜனை மடத்து அய்யாசாமி ஆர்மோனியப் பெட்டியை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்து ராஜரத்தினத்தின் தலைமாட்டில் வைத்தார். வைத்துவிட்டு, தோளில் கிடந்த ரோஜா மாலையை எடுத்துப் பெட்டிக்குப் போட்டார். பிணத்துக்கு ஒரு மாலை, பெட்டிக்கு ஒரு மாலை.

"வித்துவான் போறப்ப பெட்டி தலைமாட்டுல இருக்கணும்," என்றார் எல்லோருக்கும் பொதுவாக. "இங்கேருந்து கிளம்புறப்ப பெட்டி நம்ம பஜனை மடத்துக்கு வந்துரும். வாசிச்ச கை போனப்பறம் வாத்தியம் வீட்டுல தங்கப்படாது. அதுதான் வழக்கம்."

சுவரோரம் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த கமலாட்சி பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தாள். தூசி படிந்திருந்தது. மூன்று வாரமாக அவள் அதைத் தொடவில்லை. தொட முடியவில்லை.

விடிகிற நேரத்தில் அவள் புருஷன் ராஜரத்தினம் இறந்துபோனான். முப்பத்தொன்பது வயது. ரயில்வே பார்சல் ஆபீஸில் எழுத்தர். மழையில் நனைந்து வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, மூன்று வாரத்தில் ஆளை முடித்துவிட்டது. ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த அந்த மர வீட்டின் மாடி அறையில் இப்போது நிற்க இடமில்லை. கீழே யார்டில் வண்டி கோக்கும்போதெல்லாம் பலகைத் தரை லேசாக அதிர்ந்தது. அதிர்ந்தபோது பெட்டியின் மேலிருந்த மாலையில் ஓர் இதழ் விழுந்தது.

ராஜரத்தினத்தின் அக்கா தனபாக்கியம் சாமி படங்களை ஒவ்வொன்றாகச் சுவரைப் பார்க்கத் திருப்பிக்கொண்டே வந்தாள். முருகன், லட்சுமி, பெருமாள். நாலாவது படத்துக்கு வந்ததும் கை நின்றது.

"இது யாரு சாமி? வேதக்காரங்க சாமியா?"

"அது சாமி இல்ல மதினி," என்றாள் கமலாட்சி. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். "அப்படியே இருக்கட்டும்."

"வெள்ளைக்காரி படமெல்லாம் எதுக்கு இந்த நேரத்துல? எளவு வீட்டுல நம்மளப் பாத்துக்கிட்டு."

"அவ நம்மளப் பாக்கல. முதுகைக் காட்டிக்கிட்டுல்ல உக்காந்திருக்கா," என்றாள் பக்கத்திலிருந்த மா சேன். எதிர்வீட்டு பர்மியப் பெண். தெருமுனையில் காலை வேளையில் மீன் குழம்பு ஊற்றிய மோகிங்கா விற்பவள். இன்றைக்குக் கடை போடவில்லை. கன்னத்தில் தனக்காப் பட்டை அரைத்த சாந்தும் பூசவில்லை. அவளுடைய தமிழ் பஜனை மடத்துக் கூட்டத்தோடு வம்பு பேசிப் பழகிய தமிழ்.

தனபாக்கியம் முறைத்துவிட்டுப் படத்தை விட்டுவிட்டாள்.

அது ஒல்லாந்து தேசத்துப் படம். அசல் அல்ல, அச்சடித்தது. ஒரு வீட்டின் உள் அறை. கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கல் பாவிய தரை. இடப்பக்கத்து ஜன்னலிலிருந்து பால் போல வெளிச்சம் இறங்குகிறது. மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தி, கால் வைத்த நீளப் பெட்டி ஒன்றின் முன்னால் உட்கார்ந்து கட்டைகளை அழுத்துகிறாள். அவள் முகம் பாதிதான் தெரியும். பக்கத்தில் ஒருவன், நாற்காலி முதுகில் ஒரு கையை ஊன்றி, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நிற்கிறான். தரையில் பெரிய பிடில் ஒன்று சாத்திக் கிடக்கிறது, அதை வாசிக்க ஆளில்லை. ஒரு நாய் தூங்குகிறது. அவ்வளவுதான்.

1916-இல் அவர்களுக்குக் கல்யாணம். அவளுக்கு அப்போது பதினேழு. பார்சல் ஆபீஸில் ஆள் வராத சாமான்களை வருஷம் ஒருமுறை ஏலம் விடுவார்கள். தட்டையான ஒரு பார்சலைக் கண்ணாடி என்று நினைத்து, புதுப் பெண்டாட்டிக்காக எடுத்து வந்தான் ராஜரத்தினம். பிரித்தால் இந்தப் படம்.

"முகம் பாக்கலாம்னு வாங்கியாந்தேன். முதுகைக் காட்டிக்கிட்டு ஒருத்தி உக்காந்திருக்கா," என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. படத்துக்குக் கிட்டே போய் அந்தப் பெண்ணின் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுடைய மாமா ரங்கூன் துறைமுகத்தில் இறங்கும் நாடகக் கம்பெனிகளுக்கு ஆர்மோனியம் பழுது பார்ப்பவர். பாவாடை கட்டிய நாளிலிருந்து, பழுது பார்த்த பெட்டிகளைச் சரியாக இருக்கிறதா என்று வாசித்துப் பார்ப்பது அவள் வேலை. கல்யாணம் பேசியபோது அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பெட்டி தொடத் தெரியும் என்று வாயைத் திறக்காதே, நாடகக்காரி என்பார்கள். அவள் திறக்கவில்லை. ஆனால் சோற்றுக்கு அரிசி புடைக்கும்போது முறத்தின் விளிம்பில் அவள் விரல்கள் தாமாக ஓடுவதை ராஜரத்தினம் பத்து நாளாகப் பார்த்திருந்தான். அன்றைக்குப் படத்தின் முன்னால் அவள் நின்ற நிற்பையும் பார்த்தான். அடுத்த மாதம் ஆர்மோனியம் வந்தது.

"இவன் என்ன பண்றான், சும்மா நிக்கிறான்?" என்று படத்தில் நிற்கிறவனைக் காட்டி அவள் ஒருநாள் கேட்டாள்.

"கேக்குறான்."

"அது ஒரு வேலையா?"

"அது மட்டுந்தான் எனக்கு வரும்," என்றான்.

அது உண்மை. அவனுக்குச் சுருதி தெரியாது, தாளம் தெரியாது. கேட்கத் தெரியும். மாலையில் ஆபீஸிலிருந்து வந்து, முகம் கழுவி, தெருப்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, சுவரில் சாய்ந்து நிற்பான். உட்காரமாட்டான். "அந்த மஞ்சச் சட்டைக்காரி என்ன வாசிக்கிறா, அதை வாசி," என்பான். அவள் படத்தைப் பார்த்துப் பார்த்து, அந்தத் தரைக்கும் அந்த வெளிச்சத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு மெட்டைக் கட்டினாள். ஒரு மழைக்காலம் முழுக்கக் கட்டினாள். முடிந்த அன்று அவன் ஜன்னல் கொக்கியைச் சரிபார்ப்பதுபோலத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பொய் தொடங்கியது அதற்கு முந்தியே. பெட்டி வந்த முதல் வாரத்திலேயே, குழாயடியில் ஒருத்தி, "உங்க வீட்டுக்காரரு என்னமா வாசிக்கிறாரு," என்றாள். நாடகக்காரி என்ற சொல் நினைவுக்கு வர, கமலாட்சி ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். அந்தத் தலையாட்டல் தெரு முழுக்கப் பரவி, கோயில் வாசலில் அய்யாசாமி வாயிலாக ராஜரத்தினத்திடமே வந்து சேர்ந்தது.

"நீ ஆமாங்கிட்டே. இனி நான் இல்லைன்னு சொன்னா உன் பேரு என்னாவும்?" என்றான் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே. "சரி, இருந்துட்டுப் போறேன் வித்துவானா."

பங்குனித் திருவிழா பஜனைக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு போனான். ஆபீஸில் பெட்டி விழுந்து விரல் நசுங்கிவிட்டது என்றான். அடுத்த பங்குனியிலும் நசுங்கியது. அதற்கடுத்த பங்குனியிலும். "மத்தவங்களுக்குப் பங்குனியில திருவிழா, ராஜரத்தினத்துக்கு விரல் நசுங்கல்," என்று அய்யாசாமி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அவருக்குள் மரியாதைதான் கூடியது. சபையில் வாசிக்காத, வீட்டுக்குள் சாமிக்கு மட்டும் வாசிக்கிற வித்துவான். ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்டுக் கேட்டு, அந்த மஞ்சள் சட்டைக்காரி மெட்டை அப்படியே எடுத்து, அதற்கு முருகன் பேரில் வார்த்தை போட்டு, பஜனையில் பாடவும் ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பேர் 'ராஜரத்தினம் மெட்டு'.

வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் படத்தைப் பார்ப்பார்கள். "நிக்கிறவன் வாத்தியாரு, உக்காந்திருக்கறவ கத்துக்கறவ," என்பார் அய்யாசாமி. "இல்லீங்க, அவன் சும்மா நின்னு கேக்குறான்," என்பான் ராஜரத்தினம். அதை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

பதினோரு வருஷம் இப்படி ஓடியது. அவன் படுத்த படுக்கையாகிவிட்டதும் வாசிப்பும் நின்றுபோனது. அவன் பாயில் கிடப்பது தெருவுக்கே தெரியும். பெட்டி சத்தம் கேட்டால் வாசிப்பது யார்?

நேற்றுப் பிற்பகல் நடந்தது கமலாட்சிக்கு நினைவு வந்தது. அய்யாசாமியும் இன்னும் இரண்டு பேரும் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். ராஜரத்தினம் கண்ணைத் திறந்தான். குரல் காற்றாகத்தான் வந்தது.

"கமலா. மஞ்சச் சட்டைக்காரி பாட்டு."

அவள் அவன் காதருகே குனிந்து, "ஆளுங்க இருக்காங்க," என்றாள்.

"கேக்கட்டும்," என்றான்.

"என்ன கேக்கறாரு?" என்று அய்யாசாமி முன்னால் நகர்ந்தார்.

"தண்ணி கேக்கறாரு," என்றாள் அவள்.

அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கோபம் இல்லாத பார்வை. பிறகு அவள் ஊற்றிய தண்ணீரைக் குடித்தான். அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.

தனபாக்கியம் ஒரு தட்டில் பூவும் கண்ணாடி வளையல்களும் கொண்டுவந்து கமலாட்சியின் முன்னால் உட்கார்ந்தாள். எடுக்கப் போகும்போது பெண்டாட்டிக்குக் கடைசியாக ஒருமுறை எல்லாம் பூட்டி உட்கார வைப்பார்கள். பத்தாம் நாள் உடைப்பதற்காக.

"கையைக் குடு," என்றாள். அவள் குரலும் கரகரத்திருந்தது. சிவப்பும் பச்சையுமாக, ஒவ்வொரு கையிலும் முழங்கை வரை ஏற்றினாள். "என் தம்பி உன்னய ராணி மாதிரி வச்சிருந்தான். புள்ள இல்லேன்னு ஊரே பேசுச்சு, அவன் ஒரு சொல் சொல்லல. அவன் பேரு மடத்துல நிக்கட்டும்டி. பெட்டி அங்கேயே இருக்கட்டும். பாத்துப் பாத்து அழுவாம, நீயும் ஆறிக்குவே."

கமலாட்சி கைகளைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் ஜன்னலைச் சாத்தியதும் அவள் செய்கிற முதல் வேலை வளையல்களைக் கழற்றிப் பித்தளைக் கிண்ணத்தில் போடுவது. பெண்பிள்ளை வளையல் சத்தம் வெளியே கேட்டுவிடக்கூடாது.

கீழே பாடை கட்டி முடித்துவிட்டார்கள். சங்கு ஊதுகிறவன் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டான். பெட்டியை இப்போது எடுத்துவிடுவார்கள்.

"கிளம்புறதுக்கு முன்னால அவரு மெட்டை ஒருதடவை வாசிச்சிருவோம்," என்றார் அய்யாசாமி. "வீரப்பா, உக்காரு."

வீரப்பன் பஜனையில் வாசிக்கிறவன். துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலை. பெரிய மனிதருடைய பெட்டியைத் தொடுகிற பயத்தோடு கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தான். மாலையை ஒதுக்கி, குமிழ்களை எல்லாம் இழுத்துவிட்டு, துருத்தியை அடித்தான்.

பெட்டி முனகியது. அவன் ஒரு கட்டையை அழுத்தினான். வேறொரு சுரம் கீச்சிட்டது. கையை எடுத்தான். அது நிற்கவில்லை. நீளமாக, அழுகிற குழந்தைபோல ஒலித்துக்கொண்டே இருந்தது.

"பெட்டி அழுவுது," என்றாள் ஒரு கிழவி.

பெண்கள் எல்லோரும் ஓவென்று குரலெடுத்தார்கள். தனபாக்கியம் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அய்யாசாமி கண்ணை மூடிக் கும்பிட்டார். "அந்தக் கை இல்லாம இன்னொரு கைக்கு இது பாடாது. பாத்தீங்களா? வாத்தியத்துக்கும் உசுரு உண்டு."

வீரப்பன் வியர்த்துப்போய் இன்னும் வேகமாகத் துருத்தியை அடிக்க, பெட்டி இன்னும் சத்தமாக அழுதது.

கமலாட்சி எழுந்தாள். யாரும் தடுப்பதற்குள் பெட்டியருகே போய், இரண்டாவது குமிழைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளினாள். பக்கப் பலகையில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். சத்தம் நின்றது.

"ஈரம் ஏறினா அந்த ரீடு ஒட்டிக்கும்," என்றாள். "ரெண்டாவது குமிழை இழுக்கப்படாது."

வீரப்பன் நிம்மதியோடு அவளைப் பார்த்தான். அய்யாசாமி கண்ணைத் திறந்தார்.

"உனக்கு எப்படித் தாயி தெரியும்?"

"பதினோரு வருசம் துடைச்சு வச்சவளுக்குத் தெரியாதா?" என்றாள் தனபாக்கியம் பின்னாலிருந்து. "அவன் பண்றதைப் பாத்திருப்பா. ஆமாந்தானே கமலா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தலையாட்டினால் போதும். குழாயடியில் ஆட்டியது போல. பெட்டி போகும், அவன் பேர் நிற்கும், எல்லாம் ஒழுங்காக முடியும். அவள் கழுத்து அப்படியே நின்றது.

"இல்ல மதினி. வாசிச்சது நான்."

யாரோ "அய்யோ பாவம்," என்றார்கள்.

"புத்தி பேதலிச்சிட்டா," என்றாள் தனபாக்கியம். "கையைப் புடிச்சு உக்கார வைங்கடி."

"நல்ல புத்தியோடதான் சொல்றேன். இத்தனை வருசமும் நீங்க கேட்டது என் கை. அவருக்குக் கட்டை எதுன்னுகூடத் தெரியாது."

அய்யாசாமியின் முகம் சிவந்தது. "பிணத்தை வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது? பொண்டாட்டியே புருசன் பேரைத் தட்டிப் பறிக்கறதா? தெருவே சாட்சி இருக்கு அவரு வாசிச்சதுக்கு."

"தெரு கேட்டுச்சு. பாக்கல," என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

கீழே படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கும் அப்துல் சமது. செருப்பைக் கழற்றிவிட்டு, வழியிலேயே நின்றுகொண்டிருந்தார். சுவரிலிருந்த அந்தப் படத்துக்கும் அவர்தான் சட்டம் போட்டவர்.

"ஒன்பது வருசம் இருக்கும். ஒரு மழை நாளு. ராஜரத்தினம் என் கடையில ஒதுங்கி, டீ குடிச்சிக்கிட்டு நின்னாரு. மேல பெட்டி பாடிக்கிட்டு இருக்கு. நான் அவரைப் பாத்தேன். மச்சைப் பாத்தேன். அவரு கிளாஸைக் கீழ வச்சுட்டு, 'பாய், காதுல விழுந்தது வாயில வரவேணாம்'னாரு. இன்னிக்கு வரைக்கும் வரல."

"நீரும் சேர்ந்து கதை கட்டுறீரா?" என்றார் அய்யாசாமி. ஆனால் குரலில் பழைய பலம் இல்லை. அவர் பார்வை தன்னையறியாமல் சுவரில் இருந்த படத்துக்குப் போனது. உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்தார். நிற்கிறவனைப் பார்த்தார்.

தனபாக்கியம் எழுந்து கமலாட்சியின் முன்னால் வந்து நின்றாள். கண்கள் எரிந்தன. மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்ப என் தம்பி பொய்யனா? ஊரை ஏமாத்திட்டுப் போறானா பாடையில?"

இந்தக் கேள்விக்குத்தான் கமலாட்சி காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். பதில் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை.

"பொய் சொன்னது நான், மதினி. குழாயடியில தலையாட்டிட்டு வந்தேன். அவரு என்னைக் காட்டிக் குடுக்கல. எனக்காக வருசா வருசம் நல்ல விரல்ல துணியைச் சுத்திக்கிட்டுப் போனாரு. நேத்து வாசின்னு கேட்டாரு. இவுகளுக்குப் பயந்துக்கிட்டு நான் தண்ணியைக் குடுத்தேன்." அவள் மூச்சை எடுத்துக்கொண்டாள். "வாசிக்கறவங்க ரங்கூன்ல ஆயிரம் பேரு இருக்காங்க. அவரு மாதிரி நின்னு கேக்கறவங்க யாரு இருக்கா? அந்தப் பேரு நிக்கட்டும் உங்க தம்பிக்கு. அதுதான் அவரு பேரு."

தனபாக்கியம் திரும்பித் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கட்டிய தாடைத் துணிக்கு மேலே, அவன் ஏதோ தூரத்துச் சத்தத்தைக் கவனிப்பவன் போலத்தான் இருந்தான்.

"சின்னதுல கூட அவனுக்குப் பாட வராது," என்றாள் கடைசியில், யாரிடமும் இல்லாமல். "எங்கம்மா தாலாட்டுப் பாடினா தூங்க மாட்டான். முழிச்சுக் கேட்டுக்கிட்டே கிடப்பான்."

பிறகு, வீரப்பனைப் பார்த்து, "எழுந்திரு," என்றாள்.

கமலாட்சி உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் வலது கை இடது கை வளையல்களைத் தேடிப் போனது. ஒன்றைக் கழற்றத் தொடங்கி, நிறுத்தினாள். முழங்கை வரை இருந்த கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டு, துருத்தியின் கொக்கியை எடுத்தாள்.

முதல் சுரத்திலேயே வளையல்கள் கலகலத்தன. அந்தச் சத்தத்தோடுதான் மெட்டு எழுந்தது. கீழ்ச் சுரத்தில் மெல்லத் தொடங்கி, ஒருவர் வெறுங்காலோடு குளிர்ந்த கல்தரையில் நடந்து வருவது போல ஒரு சதுரம், இன்னொரு சதுரம் என்று வந்தது. ஜன்னல் பக்கம் போனது. அங்கே கொஞ்சம் வெளிச்சம் வாங்கிக்கொண்டது. தெருவிலிருந்த பேச்சுச் சத்தம் அடங்கிவருவதை அவள் கேட்டாள். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவன் சங்கை மடியில் வைத்துக்கொண்டான். அத்தனை பேருக்கும் அந்த மெட்டு தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் அவர்கள் தொண்டை கிழியப் பாடிய மெட்டு. ஆனால் இந்த நெளிவுகள், இந்தச் சின்னச் சின்னத் திரும்பல்கள் பஜனை மடத்துக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. சாத்திய ஜன்னலின் பலகைகள் அவற்றை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தன. இன்றைக்கு ஜன்னல் திறந்திருந்தது. வெளியே கைரிக்ஷா இழுக்கும் லாஞ்சாக்காரன் ஒருவன் வண்டியின் ஏர்க்காலைக் கீழே இறக்கிவிட்டு நின்றான்.

வீரப்பன் அவள் விரல்களை வாய் பிளந்து பார்த்தான். "இப்படியா போவுது இது," என்றான் தனக்குத்தானே. "இத்தனை நாளா நான் தப்பால்ல வாசிச்சேன்."

அய்யாசாமியின் கை மடியிலிருந்த பித்தளைத் தாளத்தை எப்போது எடுத்ததென்று அவருக்கே தெரியாது. மெல்லத் தட்டினார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

மெட்டின் நடுவில் ஓர் இடம் உண்டு. அங்கே எதுவும் இல்லை. நான்கு எண்ணுகிற நேரம் கையை எடுத்துவிட வேண்டும். அது நிற்கிறவனுக்காக அவள் விட்ட இடம். அந்த நேரத்தில் ராஜரத்தினம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்பது அவளுக்குக் கேட்கும். பஜனையில் அந்த வெற்றிடம் பொறுக்காமல் ஜல்ஜல் என்று தாளத்தைப் போட்டு நிரப்பிவிட்டார்கள்.

அவள் அந்த இடத்துக்கு வந்து கையை எடுத்தாள். அய்யாசாமியின் கைகள் தாளத்தோடு மேலே எழும்பின.

தட்டவில்லை. இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று தொடாமல் காற்றில் அப்படியே நின்றன. அறையில் ஒருவரும் அசையவில்லை. தெருவும் அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவள் வாழ்நாளில் அந்த இடம் அவ்வளவு நிறைந்து இருந்ததில்லை.

பிறகு அவள் மேலே போனாள். இதுவரை பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காதபடி அடக்கியே வாசித்த மேல் சுரங்களில், துருத்தியை முழுக்க அடித்து, பெட்டியின் நெஞ்சு புடைக்க வாசித்தாள். வளையல்கள் இரண்டு உடைந்து தெறித்தன. அவள் அதைக் கவனிக்கவில்லை. முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதையும் கவனிக்கவில்லை. மூன்று வாரமாகக் குனிந்தே இருந்த அவள் முதுகு நிமிர்ந்திருந்தது.

மெட்டு முடிந்தபோது அப்துல் சமது தலைப்பாகையின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மா சேன், "கௌண்டே, மா கமலா, ரொம்ப நல்லா," என்று பர்மியத்தில் தொடங்கித் தமிழுக்கு மாறி, முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

அய்யாசாமி எழுந்தார். பெட்டியைத் தூக்கப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் அதன் மேல் போட்டிருந்த மாலையை மட்டும் எடுத்தார். எடுத்துக்கொண்டுபோய் ராஜரத்தினத்தின் காலடியில் வைத்து, கொஞ்ச நேரம் நின்றார்.

"வருசா வருசம் விரல் நசுங்குச்சேய்யா உனக்கு," என்றார். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத குரல். பிறகு திரும்பி, "தூக்குங்கப்பா," என்றார்.

நான்கு பேர் குனிந்தார்கள். தனபாக்கியம் அலறிக்கொண்டு தம்பியின் காலைப் பிடித்தாள். பிரித்தெடுத்தார்கள். குறுகலான மரப்படிகளில் உடலைச் சாய்த்து இறக்கி, கீழே பாடையில் வைத்தார்கள். சங்கு ஊதியது. பெண்கள் மயானத்துக்குப் போகிற வழக்கம் இல்லை என்பதால் கமலாட்சி பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

கீழேயிருந்து அய்யாசாமியின் குரல் வந்தது. தெருவில் நின்று, ஜன்னலை அண்ணாந்து பார்த்துக் கத்தினார்.

"அம்மா, ஏன் நிறுத்திட்டீங்க? தெருமுனை திரும்பற வரைக்கும் வாசிங்க. அவரு கேட்டுக்கிட்டே போவட்டும்."

பதினோரு வருஷத்தில் அவர் அவளைத் தாயி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார், நீ என்றுதான் பேசியிருக்கிறார்.

அவள் மறுபடியும் துருத்தியைப் பிடித்தாள். மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடாத கை. நாலு அடிக்குமேல் வரவில்லை. சுரம் தேய்ந்து இறங்கியது. கீழே பாடை நகரத் தொடங்கிவிட்டது தாளச் சத்தத்தில் தெரிந்தது.

மா சேன் தரையில் நகர்ந்து வந்தாள். ஒன்றும் கேட்காமல், கமலாட்சியின் கையைத் துருத்தியிலிருந்து எடுத்துவிட்டுத் தன் கையை வைத்தாள். அடுப்பு விசிறிப் பழகிய கை. முதலில் வேகமாக அடித்தாள். பிறகு மெட்டின் போக்கைப் பார்த்து, அதன் மூச்சுக்குத் தன் மூச்சைப் பொருத்திக்கொண்டாள்.

காற்று தாராளமாக வந்தது. வெளியே தாளச் சத்தம் ரயில்வே கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. கமலாட்சியின் வலது கை கட்டைகளின் மேல் ஓடியது. இத்தனை வருஷமும் துருத்தி அடித்த இடது கைக்கு ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று. அதைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு அதையும் எடுத்துக் கட்டைகளின் மேல் வைத்தாள்.